நாலு டிகிரி, எல்லாம் நலம்

சேனாதிபதிக்கு 'இல்லை' என்ற சொல் ஆகாது. பழனி அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வாயில் அந்தச் சொல் வரவே கூடாது. விபூதிப் பொட்டலம் தீர்ந்து போயிருந்தால் 'வரணுங்க' என்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தால் 'அரிசி நெறஞ்சிருச்சு'. விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், 'மலையேத்து' என்பார்கள். ஊரில் பாதிப்பேர் இப்படித்தான், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. கொடைக்கானலில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஜென்சியின் அம்மாகூட அரிசி டப்பாவின் அடி தெரிந்தால் 'நெறஞ்சிருச்சு' என்றுதான் சொல்வாள். ஆனால் இந்த நாகரிகத்தைக் கொண்டுபோய் ஒரு கணினி மொழிக்குள் திணிக்கலாம் என்று தோன்றியது சேனாதிபதி ஒருவருக்குத்தான்.

அந்த மொழியை உண்டாக்கியவள் ஜென்சி. சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். யாரோ உண்டாக்கிய மொழிகளில் யாரோ செய்து வைத்த குளறுபடிகளைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய், சொந்த ஊரான கொடைக்கானலுக்குத் திரும்பி வந்திருந்தாள். சேனாதிபதி அப்போதுதான் நாயுடுபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்துக் கம்பெனி தொடங்கியிருந்தார். மலையிலும் அடிவாரத்திலும் இருக்கும் குளிரறைகள், தண்ணீர்த் தொட்டிகள், பூச்செடிக் கூடாரங்கள், இவற்றில் சென்சார் மாட்டி, சுவரில் எண்கள் ஒளிரும் ஒரு பலகை வைத்து, அளவு தப்பினால் மணி அடிக்கச் செய்வது தொழில். எப்போது மணி அடிக்க வேண்டும் என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் மொழி. 'அறைச் சூடு ஆறுக்கு மேல் போனால் மணி அடி' என்று எழுதினால் போதும், அது புரிந்துகொள்ளும். 'நிறை' என்று பெயர் வைத்தார் சேனாதிபதி. அப்போதே ஜென்சி சுதாரித்திருக்க வேண்டும்.

கணினி மொழியை உண்டாக்குகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் போய் இடித்துக்கொள்ளும் கல் ஒன்று உண்டு. ஓர் எண் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லையென்றால் மொழி என்ன செய்ய வேண்டும்? சில மொழிகள் கமுக்கமாகப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளும். சில மொழிகள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஜென்சி இரண்டையும் வெறுத்தாள். அவளுடைய மொழி எழுதும்போதே திருப்பிக் கேட்டது. 'சென்சாரிலிருந்து அளவே வராவிட்டால் என்ன செய்யட்டும்?' அதற்கு ஒரு பதில் எழுதினால்தான் விதியை ஏற்றுக்கொள்ளும், இல்லாவிட்டால் நகராது. பிடிவாதக்காரி பெற்ற பிள்ளை பிடிவாதமாகத்தான் இருந்தது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் முதல் பலகையை மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை, நல்ல நேரம். முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் சுற்றி, எல்லாம் முறைப்படி நடந்தது. சேனாதிபதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார். எலக்ட்ரீஷியன் சென்சார் கம்பியைச் செருக மறந்திருந்தான். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் பலகை பளிச்சென்று எரிந்து, 'குளிர் அளவு இல்லை' என்றது.

மண்டி முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. அவர் சத்தம் போடவில்லை. "என்னங்க இது, கடை தொறக்கையிலயே இல்லேங்குது," என்றார். "கழட்டிக்கிட்டுப் போங்க. நமக்கு இது ஒத்துவராது." லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். சேனாதிபதி பலகையைத் தன் துண்டிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு, செத்த வீட்டிலிருந்து வெளியேறுகிறவரைப் போல வெளியே வந்தார்.

மலையேறும்போது காரில் அவர் பேச ஆரம்பித்தார்.

"ஏம்மா ஜென்சி, அந்த வார்த்தை நம்ம மொழியில வேணாம்."

"வார்த்தையில என்ன சார் இருக்கு. 'கம்பி வரல'ன்னு போட்டுக்கலாம். 'தெரியல'ன்னு போட்டுக்கலாம்."

"எதைப் போட்டாலும் ஓட்டை ஓட்டைதானம்மா. பலகையப் பாத்தா ஒருத்தனுக்கு மனசு நெறையணும். கடைசியா ஒரு அளவு வந்திருக்கும்ல, புதுசு வர்ற வரைக்கும் அதையே காட்டு."

"அது பொய் சார்."

"பொய் எப்படியாகும்? கொஞ்ச நேரம் முன்ன நெசமா இருந்ததுதான."

இந்த ஆள் அயோக்கியனாக இருந்தால்கூடத் தேவலை என்று ஜென்சிக்குத் தோன்றியது. அயோக்கியனிடம் சண்டை போடலாம். இவர் இதை மரியாதை என்று நம்பினார். வாடிக்கையாளரின் முகம் சுண்டக் கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த அறம். அந்த அறத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த அழுகலையும் மூடி வைக்கலாம்.

அதன்பிறகு ஆபீசில் தினமும் இதே பேச்சுதான். விவசாயியிடம் திருப்பிக் கேள்வி கேட்கிற மொழி எவனுக்கு வேண்டும் என்பார் அவர். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காத மொழி எதற்கு என்பாள் இவள். தவறு என்று ஒன்றைத் திரையில் காட்டினால் ஜனங்கள் பயந்துபோவார்கள் என்பார். பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படட்டும் என்பாள். சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசியில் சம்பளம் கொடுக்கிறவர் பேச்சு ஜெயித்தது, எப்போதும் ஜெயிப்பதுபோல. அளவு வராவிட்டால் கடைசி அளவே நிற்கும், மொழி யாரையும் எதுவும் கேட்காது என்று முடிவானது. போதாக்குறைக்கு எண்ணுக்குக் கீழே 'எல்லாம் நலம்' என்றொரு வரியும் வர வேண்டும் என்றார் சேனாதிபதி. அது அவருடைய சொந்தக் கற்பனை.

ஜென்சி ஒரு சமரசம் கண்டுபிடித்தாள். விதிகளுக்கு மேலே 'கண்டிப்பு: உண்டு' என்று ஒரு வரி எழுதினால், மொழி பழையபடி கறாராக நடந்துகொள்ளும். கம்பி அறுந்தால் அறுந்தது என்று சொல்லும், மணி அடிக்கும். அந்த வரியை எழுதாவிட்டால் சேனாதிபதியின் மரியாதை. "வேணுங்கிறவங்க எழுதிக்கட்டும்," என்று அவரும் ஒப்புக்கொண்டார். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்துக்கு மேலே அது அச்சாயிற்று. அன்றைக்கு ஜென்சி ஏரிக்கரையில் நடந்துபோய் ஒரு பெரிய கேக் துண்டு வாங்கித் தின்றாள். இரண்டு பேரும் தோற்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கையேட்டின் கடைசிப் பக்கத்தை உலகத்தில் யாராவது படித்ததுண்டா என்று அவள் தன்னையே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

கவுஞ்சியிலிருந்து லீலா பயிற்சிக்கு வந்தது அதற்குப் பிறகுதான். மேல்மலையில் மண்ணவனூருக்கும் அப்பால், அடுக்கடுக்காகத் தோட்டம் போட்டிருக்கும் ஊர் அது. பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து சின்னதாக ஒரு குளிரறை கட்டியிருந்தார்கள். அடுத்த போகத்துக்கான விதை உருளைக்கிழங்கை வீட்டுப் பரண்களில் கொட்டி வைத்துப் பாதி முன்கூட்டியே முளைத்து வீணாக விடாமல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குளிரில் வைப்பது லீலாவின் யோசனை. வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான். அதனால் அறையின் பொறுப்பையும் சாவியையும் அவளிடமே கொடுத்தார்கள். அவளும் ஒரே மத்தியானத்தில் விதிகளை எழுதக் கற்றுக்கொண்டாள். ஜென்சிக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. 'கண்டிப்பு' பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். சேனாதிபதி பக்கத்திலேயே உட்கார்ந்து லீலாவுக்குத் தன் கையால் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் லீலா போன் செய்தாள். குரலே சரியாக இல்லை. "மேடம், கோல்டு ரூம்ல எல்லாம் போச்சு. வெரசா வாங்க," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜீப்பில் சேனாதிபதியும் ஜென்சியும் கிளம்பினார்கள். பூம்பாறை வருவதற்குள் ஜென்சி மடியில் கணினியை வைத்துக்கொண்டு, பலகை அனுப்பியிருந்த பதிவுகளைப் பார்த்து நடந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். இடி விழுந்தோ வோல்டேஜ் ஏறியோ அறைக்கு வரும் மின்சாரம் அறுந்திருக்கிறது. குளிரூட்டும் கம்ப்ரசரும் சென்சாரும் ஒரே லைனில் இருந்ததால் இரண்டும் ஒன்றாகச் செத்திருக்கின்றன. பலகைக்கு மட்டும் கூரையில் தனி சோலார், தனி பேட்டரி. சென்சார் சாவதற்கு முன் கடைசியாகச் சொன்னது நாலு டிகிரி. அன்றிலிருந்து பலகை நாலு டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. லீலா எழுதிய விதிப்படி ஆறுக்கு மேல் போனால்தான் மணி, நாலு ஆறுக்கு மேல் போகாது. மணி அடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு 'கண்டிப்பு' வரி எழுதியிருக்கா?" என்று கேட்டார் சேனாதிபதி.

"இல்ல."

அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது ஜென்சிக்கு. பூம்பாறையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, டிரைவர் உட்பட மூன்று பேருக்கும் டீ சொன்னார். தனக்கு ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு, அதை டீயில் முக்கி முக்கி ருசித்துத் தின்றார்.

"அப்ப நம்ம மேல ஒண்ணுமில்ல. வசதி வெச்சிருக்கோம், அவுக பயன்படுத்தல."

"சார், அவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. நான் சொல்லல."

"நீ எதுக்கும்மா சொல்லணும்? கையேட்டுல இருக்குல்ல. நல்ல வேளை, அன்னைக்கு நீ அந்த சுவிட்ச்ச வெச்ச. இன்னைக்கு அதுதான் நம்மளக் காப்பாத்துது." பன்னின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவள் தோளைத் தட்டினார். அவர் விரலில் இருந்த டீயின் ஈரம் அவள் ஸ்வெட்டரில் ஒட்டியது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

கவுஞ்சியில் ஜீப் நிற்பதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு அழுகிய நாற்றத்தை அனுபவித்திராதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. செத்த மீனும் சாக்கடையும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்குள் இறங்குவது மாதிரி, விழுங்கினாலும் போகாது, துப்பினாலும் போகாது. அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசற்படியைத் தாண்டிக் கறுப்பாக ஏதோ கசிந்து வந்து மண்ணில் கோடு கோடாக ஓடியிருந்தது. உள்ளே அடுக்கி வைத்த சாக்குகள் எல்லாம் தொளதொளவென்று ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, ஊரின் அடுத்த போகம் முழுவதும் ஒரு கூழாகிக் கிடந்தது. பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தகர டப்பாக்களில் அதை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் தோண்டிய குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஈ அவர்கள் முகத்தில் உட்கார்ந்தது, விரட்டக் கை ஒழியவில்லை.

கதவுக்குப் பக்கத்தில், சுவரில், பலகை சுத்தமாக எரிந்துகொண்டிருந்தது. '4 டிகிரி. எல்லாம் நலம்.' அதற்குக் கீழே கம்பெனி ஒட்டிய காகிதம் இருந்தது: 'அடிக்கடி கதவைத் திறக்காதீர்கள். பலகையைப் பாருங்கள்.'

கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டே சேனாதிபதி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். வேலையை நிறுத்திவிட்டுப் பெண்கள் வந்து கூடினார்கள். குழுவுக்குத் தலைவி ராக்காயி. அறுபதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண். ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். லீலா தள்ளி நின்றாள். முழங்கைவரை அழுகல் அப்பியிருந்தது. அவளை யாரும் பார்க்காமல் இருந்த விதத்திலேயே ஜென்சிக்கு விஷயம் புரிந்தது. இன்றைக்கு இங்கே முடிவாகப்போவது ஒன்றே ஒன்றுதான். இது லீலாவின் குற்றமா இல்லையா. குற்றம் என்று ஆகிவிட்டால் சாவியோடு முடியாது. அவள் பேச்சைக் கேட்டு விதையைக் கொடுத்த வீடுகள் நடுவே அவள் குடியிருக்க வேண்டும், அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

சேனாதிபதி தேனாகப் பேசினார். "லீலா நல்ல பொண்ணுங்க. கெட்டிக்காரி. யாரும் அவங்களத் திட்டாதீங்க. மனுசங்கன்னா கைப்பிசகு வரத்தான் செய்யும். எங்க மொழியில எல்லா வசதியும் வெச்சிருக்கோம். ஒரே ஒரு வரி எழுதியிருந்தா மணி அடிச்சிருக்கும். பாவம், அதை எழுதாம விட்டுட்டாங்க." கையேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து ராக்காயியிடம் நீட்டினார். "இந்தாங்க, இங்க இருக்கு. இதை உண்டாக்குனதே இந்தப் பொண்ணுதான். ஜென்சி, நீயே சொல்லும்மா."

ராக்காயி கையேட்டை வாங்கவில்லை. "அப்ப இவ எழுத மறந்துட்டாங்கிறீகளா?"

"ஆமாங்க. பெரிய தப்பில்லீங்க, சின்ன..."

"எங்க மூட்டை எல்லாம் குழிக்குள்ள கெடக்கு. சின்னதுங்கிறீக."

லீலா ஜென்சியைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. "அப்படி ஒரு வரி இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலீங்களே," என்றாள் மெதுவாக. எங்கே தான் கவனிக்காமல் விட்டோம் என்று உண்மையிலேயே யோசிப்பதுபோல இருந்தது அந்தக் குரல். அதுதான் ஜென்சியால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். கணுக்கால்வரை கூழ் ஏறியது. உள்சுவரில் மாட்டியிருந்த சென்சாரைப் பிடித்து இழுத்தாள். கம்பியோடு பிய்ந்து வந்தது. வெளியே கொண்டுவந்து ராக்காயியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஆத்தா, குளிரை அளக்கறது இதுதான். இப்ப ஒங்க கையில இருக்கு. பலகையில என்ன இருக்குன்னு பாருங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலுங்குது," என்றாள் ராக்காயி.

"இதை அடுப்புல போட்டாலும் நாலுன்னுதான் சொல்லும். ஒடச்சுக் குழியில போட்டாலும் நாலுன்னுதான் சொல்லும். தெரியலன்னு சொல்ல அதுக்குத் தெரியாது. அப்படித்தான் நான் அதை எழுதியிருக்கேன். அந்த ஒரு வரிய நாங்க மொதல்லயே உள்ள வெச்சிருக்கணும். கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வெச்சிட்டு, எழுதலன்னு இவங்களச் சொல்றோம். லீலாக்கா எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல."

"அப்படி எழுதச் சொன்னது யாரு?" என்று கேட்டாள் கூட்டத்தில் ஒருத்தி.

"கேட்டது இவரு. எழுதுனது நான்."

சேனாதிபதி புன்னகையை விடவில்லை. மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி அது முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ராக்காயி சென்சாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே போட்டாள். "அப்ப லீலா மேல குத்தமில்ல," என்றாள். நாலைந்து பேர் மூச்சு விட்டது கேட்டது.

லீலா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க பெரியம்மா. எனக்கு நாத்தம் வந்துச்சு." அவள் யாரையும் பார்க்காமல் குழியைப் பார்த்துப் பேசினாள். "வெள்ளனே புல்லறுக்கப் போகையில வந்துச்சு. கதவுகிட்ட நின்னேன். கெழங்கு அழுகுன நாத்தம் எனக்குத் தெரியாதா? பொறந்ததுலருந்து அதுலதான கெடக்கேன். பலகையப் பாத்தேன். நாலுன்னு இருந்துச்சு. எலி கிலி செத்துக் கெடக்கும்னு போயிட்டேன். மறுநாளும் வந்தேன், நாத்தம் கூடியிருந்துச்சு. அன்னைக்கும் நாலு. எம் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் வந்தா மூச்சை அடக்கிக்கிட்டு, பலகைய மட்டும் பாத்துட்டுப் போயிருவேன்."

மொழி ஒரு அறையின் சூட்டைத்தான் தப்பாகச் சொன்னது என்று இதுவரை ஜென்சி நினைத்திருந்தாள். ஒரு மனுஷியின் மூக்கையே அவளுக்குப் பகையாக்கிவிட்டிருக்கிறது. அதைத் தன் கையால், அலுங்காமல் குலுங்காமல், ஒரு பிழைகூட இல்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அறைக்குள் கிடந்த கூழைவிட அந்த நினைப்புதான் அவளுக்கு அதிகம் குமட்டியது.

சேனாதிபதிக்குக் குமட்டவில்லை. வழுக்கிக்கொண்டு போனவருக்குக் கையில் ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நாத்தம் வந்தும் கதவைத் தொறக்கல. இதுக்கு எந்த மொழிதான் என்னங்க பண்ணும்?"

"கதவைத் தொறக்காதீங்கன்னு அங்க ஒட்டியிருக்கறது யாரு சார்?"

"ஜென்சி, வண்டியில ஏறு. மத்தத ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"நான் வரல."

"இன்னைக்கு வரலியா?"

"எப்பவும்தான் சார்."

அவர் கோபப்படவில்லை, அதற்கும் மரியாதை இடம் கொடுக்காது போலும். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சுவரண்டை போனார். பலகையை ஒவ்வொரு திருகாகக் கழற்றி, பேட்டரியையும் சேர்த்து எடுத்து, மூக்கில் வைத்திருந்த அதே கர்ச்சீப்பால் துடைத்தார். "தாண்டிக்குடியில ஒரு காப்பி எஸ்டேட்டுல கேட்டிருக்காங்க," என்று யாரும் கேட்காமலே சொன்னார். "நல்லாத்தான் ஓடுது, வீணாக்குவானேன்."

ஒருத்தி மண்வெட்டியோடு எழுந்தாள். ராக்காயி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். "போகட்டும் விடு. அந்தச் சனியன் நம்ம செவத்துல வேணாம்." ஜீப் திரும்பியபோது முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் பலகை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தாண்டிக்குடிக்காரர்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் ஜென்சி. அவர்களுக்கு மட்டும் செய்தால் போதாது என்பதும் கூடவே உறைத்தது. எத்தனை சுவர்களில் அது நலம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறதோ.

பெண்கள் கலைந்தார்கள். யாரும் எதுவும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஒருத்தி டப்பாவை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள், பின்னால் இன்னொருத்தி. லீலாவிடம் யாரும் சாவியைக் கேட்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவளும் உள்ளே போய் அவர்கள் நடுவில் குனிந்து அள்ளினாள், டப்பா கைமாறத் தொடங்கியது.

ஜென்சி நின்ற இடத்திலேயே நின்றாள். ராக்காயி அவளைக் கடந்து போகும்போது, "நிக்கிறதுக்கா வந்த?" என்று கேட்டுவிட்டு, காலி டப்பா ஒன்றைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

ஜென்சி அதை எடுத்துக்கொண்டு லீலாவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். துப்பட்டா முகத்தில் இறுகக் கட்டியபடி இருந்தது. கூழுக்குள் கையை விட்டதும் கிழங்கு விரலிடுக்கில் நசுங்கி வழிந்தது. தலையைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் அள்ளிக்கொண்டிருந்த லீலா நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"மூக்கைக் கட்டிக்கிட்டு அள்ளாதீங்க மேடம்," என்றாள். "அவுத்துருங்க."

ஜென்சி துப்பட்டாவை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நாற்றம் முழுசாக உள்ளே போயிற்று. இரண்டு முறை ஓங்கரித்தாள், எதுவும் வரவில்லை. லீலா அதுவரை காத்திருந்துவிட்டு, டப்பாவின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.